நரை பூசிய கண்ணகி

முன்னுரை

தமிழ்த் திரைப்படத்தின் தொடக்க காலத்தை எண்ணிப் பார்ப்போர் எம்.கே. தியாகராஜ பாகவதரையும் பி.யு. சின்னப்பாவையும் முதலில் நினைவுகூர்வர். அவ்விருவரோடும் சரிநிகராக நின்று நடித்து, தம் குரலின் மிடுக்கால் அரங்கத்தை அடக்கியாண்ட பெண்மணி ஒருவர் அக்காலத்தே வாழ்ந்தார். அவரே பி. கண்ணாம்பா. 1942 ஆம் ஆண்டில் வெளிவந்த 'கண்ணகி' படத்தில் ஒற்றைச் சிலம்பை ஏந்திப் பாண்டியன் அவையில் நீதி கேட்டவர் அவர். இளங்கோவடிகளின் காப்பியத்தைப் படித்தறியாத எளிய மக்களுக்குக் கண்ணகி என்றால் கண்ணாம்பாவின் முகமே நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது.

ஆயினும் பிற்காலத்தார் அவரைக் கண்ணகியாக அறியவில்லை. 1975 இல் சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிய பின்னர், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பழைய திரைப்படங்கள் வீடு தேடி வந்தன. அப்படங்களில் நரைத்த தலையும் நலிந்த நடையுமாகத் தோன்றிய கண்ணாம்பாவையே அடுத்த தலைமுறை கண்டது. அத்தலைமுறைக்கு அவர் கதாநாயகனின் தாய், அவ்வளவே.

மதுரையை எரித்த கண்ணகி மறக்கப்பட்டு, மகனுக்காகக் காத்திருக்கும் தாய் மட்டும் நினைவில் நின்றது எவ்வாறு? அவ்வினாவுக்குரிய விடை கண்ணாம்பாவின் வாழ்க்கை வரலாற்றிலேயே அமைந்துள்ளது. ஒரு நடிகையின் கதையாக மட்டுமன்றி, திரையில் முதுமகளிர்க்கு நாம் அளித்த இடத்தின் கதையாகவும் அதனைக் காணுதல் தகும்.

பிறப்பும் மேடையும்

பசுபுலேட்டி கண்ணாம்பா 1911 ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுக் கடப்பையில் பிறந்தார். தெலுங்கு அவர்தம் தாய்மொழி. வளர்ந்தது ஏலூரில். இளமையிலேயே இசைப் பயிற்சி பெற்ற அவர் நாடக மேடைக்கு வந்த நிகழ்ச்சியை அவர் வரலாற்றை எழுதியோர் சுவைபடக் கூறுவர். ஏலூரில் அரிச்சந்திர நாடகம் நடந்துகொண்டிருந்ததாம். பெண் வேடத்தை ஆண்களே ஏற்ற காலம் அது. மகனை இழந்த சந்திரமதியாக நடித்தவரின் புலம்பல் அவையோர் உள்ளத்தைத் தொடவில்லை. அவையில் அமர்ந்திருந்த கண்ணாம்பா எழுந்து சென்று அப்பகுதியைத் தாமே பாடிக் கூட்டத்தைக் கண்ணீர் விடச் செய்தாராம். அப்போது அவருக்குப் பதினாறு வயதளவே இருக்கும். பிள்ளையைப் பெற்றறியாத இளம்பெண் பிள்ளையை இழந்த தாயின் துயரைப் பாடியே கலையுலகில் அடி எடுத்து வைத்தார் என்பது எண்ணத்தக்கது.

நாடகத் துறையைச் சார்ந்த கடாரு நாகபூஷணம் அவருடைய வாழ்க்கைத் துணைவரானார். 1935 இல் வந்த 'ஹரிச்சந்திரா' என்னும் தெலுங்குப் படம் கண்ணாம்பாவின் முதல் திரைப்படம். மேடையில் புகழ் தந்த சந்திரமதி வேடமே திரையிலும் முதல் வேடமாயிற்று. அடுத்த ஆண்டில் திரௌபதியாக நடித்தார். அவையில் நின்று அறம் கேட்கும் பெண்ணின் பாத்திரம் அவருக்கு வாய்த்தது அப்போதுதான். பின்னாளில் கண்ணகிக்கும் பத்மாவதிக்கும் உரிய குரல் அங்கே உருப்பெற்றது எனலாம்.

தமிழுக்கு வந்த தெலுங்கு மகள்

1940 இல் வந்த 'கிருஷ்ணன் தூது' அவரைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்தது. தமிழ் எழுத்து அறியாத அவர், உரையாடல்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தார். பின்னணிக் குரல் என்னும் வசதி பரவாத காலம் அது. நடிப்பவரே பேசவும் பாடவும் வேண்டும். அவ்வாறு பயின்ற மொழியில்தான், இரண்டே ஆண்டுகளில், இளங்கோவனின் செறிவான உரைநடையை அவர் பேசினார். பிறமொழியாளர் பேசுகிறார் என்ற எண்ணமே கேட்போர்க்கு எழவில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நம் மாணவர் பலர் மேடையில் தடுமாறும் இந்நாளில், அவ்வுழைப்பு நினைந்து போற்றத்தக்கது.

1941 இல் 'அசோக்குமார்' வெளிவந்தது. சித்தூர் வி. நாகையா அசோகனாகவும், பாகவதர் அவன் மகன் குணாளனாகவும் நடித்தனர். கணவன் மகனான குணாளன்மீது காதல் கொண்டு, அது நிறைவேறாமற்போகவே அவன் கண்களைப் பறிக்கச் செய்யும் இளைய அரசி திஷ்யரட்சிதையின் வேடம் கண்ணாம்பாவுக்கு வாய்த்தது. வெறுக்கத்தக்க அப்பாத்திரத்தை அவர் அஞ்சாமல் ஏற்றார். முறைப்படி குணாளனுக்கு அவர் சிற்றன்னை. ஆனால் அவ்வேடமேற்ற பாகவதரோ வயதில் அவருக்கு மூத்தவர். இப்படத்தில் எம்.ஜி. இராமச்சந்திரன் என்ற இளைஞர் ஒரு சிறு வேடத்தில் தோன்றினார். அவரைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

அடுத்த ஆண்டில் ஜுபிடர் நிறுவனத்தாரின் 'கண்ணகி' வந்தது. ஆர்.எஸ். மணி இயக்கிய அப்படத்தில் கோவலனாக நடித்தவர் சின்னப்பா. முப்பது வயதைத் தொட்டிருந்த கண்ணாம்பா கண்ணகியாக நடித்தார். அடங்கிய மனைவியாகத் தொடங்கி, அரசனைக் கேள்வி கேட்கும் குடிமகளாக உயர்ந்து, ஊரை எரிக்கும் சினமாக முடியும் அப்பாத்திரத்தின் மூன்று நிலைகளையும் அவர் குரலே தாங்கியது. 1944 இல் தமிழில் எடுக்கப்பட்ட 'ஹரிச்சந்திரா'விலும் சின்னப்பாவுக்கு அவரே மனைவி. 1949 இன் 'மங்கையர்க்கரசி'யில் சின்னப்பா மூன்று வேடங்களில் தோன்ற, பெயருக்குரிய தலைவியாகக் கண்ணாம்பா நடித்தார்.

நாகம்மா என்னும் அமைச்சர்

கண்ணாம்பாவின் வரலாற்றில் தமிழர் அதிகம் அறியாத பகுதி ஒன்றுண்டு. 1947 இல் தெலுங்கில் 'பல்நாட்டி யுத்தம்' என்ற படம் வந்தது. கூடவல்லி இராமபிரம்மம் தொடங்கிய அப்படத்தை எல்.வி. பிரசாத் முடித்தார். பல்நாட்டு அரசில் அமைச்சராக விளங்கியவர் என ஆந்திர மக்கள் இன்றளவும் பேசும் நாயகுராலு நாகம்மாவாக அதில் கண்ணாம்பா நடித்தார்.

நாகம்மா எவருடைய காதலியும் அல்லள். கதையின் தலைமகனுக்குத் தாயும் அல்லள். அரசியல் சூழ்ச்சி அறிந்தவள். அரசனுக்கு அறிவுரை கூறுபவள். போரைத் தொடங்கவும் வல்லவள். நன்மையும் தீமையும் கலந்த, முதிர்ந்த அறிவுடைய பெண் அவள். குடும்ப உறவு எதனையும் சாராமல், தன் அறிவாலும் ஆட்சித் திறத்தாலும் மட்டுமே கதையில் இடம்பெறும் நடுவயதுப் பெண்ணைத் திரை அன்று படைத்தது. கண்ணாம்பா அவளாக வாழ்ந்து காட்டினார்.

இக்காலப் பகுதியில் அவர் நடிகையாக மட்டும் இருக்கவில்லை. கணவருடன் சேர்ந்து ஸ்ரீ இராஜராஜேஸ்வரி பிலிம் கம்பெனி என்ற நிறுவனத்தின் வழியாகத் தெலுங்கிலும் தமிழிலும் பல படங்களை உருவாக்கினார். 1941 இல் அவர்கள் எடுத்த படத்தின் பெயர் 'தல்லி பிரேமா'. தமிழில் கூறின் தாயன்பு. பின்னாளில் தம்மைச் சூழ்ந்து கொள்ளவிருந்த சொல்லை அவர் முப்பது வயதிற்கு முன்பே தம் படத்தின் பெயராகக் கண்டார்.

மனோகரனின் அன்னை

1954 இல் 'மனோகரா' வெளிவந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திற்குக் கலைஞர் மு. கருணாநிதி திரையுரை எழுத, எல்.வி. பிரசாத் இயக்கினார். மனோகரனாக நடித்தவர் சிவாஜி கணேசன். அரசன் வசந்தசேனையின் மயக்கில் வீழ்ந்துவிட, புறக்கணிக்கப்பட்ட அரசி பத்மாவதியாகக் கண்ணாம்பா நடித்தார். அவருக்கு அப்போது வயது 42, சிவாஜிக்கு 25. தாயும் மகனும் என்பதை எவரும் ஐயுறாத அளவுக்கு அவ்வயதிடைவெளி இயல்பாக இருந்தது.

அப்படத்தின் ஆற்றல் முழுவதும் ஒரு கட்டளையில் அடங்கியுள்ளது. தந்தைக்கு எதிராக வாள் எடுக்கக் கூடாது என மகனைத் தடுத்து வைத்திருப்பவள் தாய். இறுதியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டு அவையில் நிற்கும் மகனைத் தன் சொல்லாலேயே அவள் விடுவிக்கிறாள். சங்கிலியை அறுப்பது மகனின் தோள்வலி போலத் தோன்றினும், அதனை உண்மையில் அறுப்பது தாயின் சொல்லே. அச்சொல் பிறக்கும் வரை அவன் வீரம் அசையவில்லை. பொறுமையும் சினமும் ஒருங்கே வாய்ந்த அக்குரலைக் கேட்டோர் மறந்ததில்லை.

இத்தாய் தமிழ் மரபுக்குப் புதியவள் அல்லள். புறநானூற்றில் முந்தைய நாள் போரில் தந்தையையும் அடுத்த நாள் போரில் கணவனையும் இழந்த பின்னும் ஒரே மகனைக் களத்திற்கு அனுப்பும் பெண்ணை ஒக்கூர் மாசாத்தியார் காட்டுகிறார். மகன் புறமுதுகிட்டான் என்ற பழியைக் கேட்டு வாளுடன் களம் புகுந்து தேடும் முதியவளைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டுகிறார். மூதின் மகளிர் எனப் புறத்துறை போற்றும் அவ்வன்னையரின் வழித்தோன்றலே பத்மாவதி. கண்ணாம்பா அம்மரபினைத் திரையில் உயிர்ப்பித்தார் எனின் மிகையாகாது.

கணவனும் மகனும்

'மனோகரா'வின் வெற்றி கண்ணாம்பாவுக்குப் புகழ் தந்தது. அதுவே அவருடைய பாதையையும் முடிவு செய்தது. 1956 இல் தேவர் பிலிம்ஸின் 'தாய்க்குப் பின் தாரம்' வந்தது. கதாநாயகன் எம்.ஜி.ஆர்.; தாய் கண்ணாம்பா. 1957 இல் 'மக்களைப் பெற்ற மகராசி', 1958 இல் 'உத்தம புத்திரன்', 1961 இல் 'தாய் சொல்லைத் தட்டாதே', 1962 இல் 'தாயைக் காத்த தனயன்' என வரிசையாகத் தாய் வேடங்கள் தொடர்ந்தன. படங்களின் பெயர்களிலேயே தாயும் மகவும் மாறி மாறி இடம்பெற்றமை நோக்கத்தக்கது.

இங்கே ஒரு சிறு கணக்கு இடுதல் வேண்டும். கோவலனாக நடித்த சின்னப்பா பிறந்தது 1916 மே மாதம். எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 சனவரி மாதம். இருவருக்கும் இடையே ஓராண்டு இடைவெளிகூட இல்லை. இருவருமே கண்ணாம்பாவுக்கு ஐந்தாறு ஆண்டுகள் இளையவர்கள். 1942 இல் அவ்வயதுடைய ஒருவர் அவருக்குக் கணவர். 1956 இல் அதே வயதுடைய மற்றொருவர் அவருக்கு மகன்! பதினான்கு ஆண்டுகளில் ஆணுக்கு வயது ஏறவில்லை. பெண்ணுக்கு மட்டும் ஒரு தலைமுறை ஏறிவிட்டது.

இஃது எவருடைய தனிப்பட்ட குற்றமும் அன்று. திரைத்தொழிலின் நடைமுறை அது. கதாநாயகர் நாற்பதைக் கடந்த பின்னும் இளைஞராகவே தோன்ற வேண்டியிருந்தது. அவ்விளமையைப் பார்ப்போர் நம்ப வேண்டுமெனில், அருகில் ஒரு முதுமை தேவைப்பட்டது. தாயின் தலையில் ஒப்பனையாளர் பூசிய நரை, மகனுடைய முகத்தின் இளமைக்குச் சான்றாயிற்று. எம்.ஜி.ஆர். தம் அறுபதாம் வயது வரை இளங்காதலராக நடித்தார். அவருடைய இறுதிப் படம் 1978 இல் வெளிவந்தது. அவரோடு ஒத்த தலைமுறையைச் சார்ந்த நடிகையர்க்கோ நாற்பத்தைந்தாம் வயதிலேயே முதுமை விதிக்கப்பட்டது.

இவ்வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1957 இல் வந்த 'மதர் இந்தியா' என்னும் இந்திப் படத்தில் நர்கீஸ் முதிய தாயாகவும் சுனில் தத் அவர் மகனாகவும் நடித்தனர். அவ்விருவரும் 1929 சூன் மாதத்தில், ஒரே வாரத்திற்குள் பிறந்தவர்கள். மறு ஆண்டிலேயே அவர்கள் மணம் புரிந்துகொண்டனர். தமிழிலும் 'பராசக்தி'யில் சிவாஜியோடு நடித்த பண்டரிபாய், 1968 இல் 'குடியிருந்த கோயில்' படத்தில் தம்மினும் மிக மூத்தவரான எம்.ஜி.ஆருக்குத் தாயானார். கண்ணாம்பா நடந்த பாதையில் பலர் நடந்தனர்.

திறந்திருந்த கதவுகள்

முதிய பெண்ணைத் தாயாகக் காட்டுவது குறையா எனச் சிலர் வினவலாம். குறையன்று. தாய்மையைப் போற்றாத சமயமும் இல்லை, சான்றோரும் இல்லர். ஆனால் முதிய பெண்ணைத் தாயாக மட்டுமே காட்டுவது குறையே. கண்ணாம்பாவின் வாழ்க்கை அதனைத் தெளிவாக உணர்த்துகிறது. அவர் மனைவியாக நடித்தார். வேட்கையுற்ற பெண்ணாக நடித்தார். நீதி கேட்கும் குடிமகளாக நடித்தார். நாட்டை ஆளும் அமைச்சராகவும் நடித்தார். அவ்வாயில்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. இறுதியில் திறந்திருந்தது தாய் என்னும் வாயில் ஒன்றே.

நம் இலக்கியம் இவ்வளவு குறுகியதன்று. சிலப்பதிகாரத்திலேயே கவுந்தியடிகள் இருக்கிறார். அவர் எவருடைய அன்னையும் அல்லர். துறவு பூண்ட அறிஞர். கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணை. அவர்களுக்கு நேர்ந்த கேடு கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். கண்ணகிக்கு அடைக்கலம் தந்த இடைக்குல முதுமகள் மாதரி, அடைக்கலம் காக்க இயலாமற்போன துயரால் தீயில் புகுந்தாள். கடமையும் மானமும் நட்பும் அம்முதுமகளிர்க்கு உரிய பொருள்களாக இருந்தன.

திரையிலும் ஒரு விலக்கு உண்டு. 1953 இல் ஜெமினி நிறுவனத்தாரின் 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் முதுமூதாட்டியாக நின்று படம் முழுவதையும் தாங்கினார். அரசரிடையே தூது சென்றார், அறம் உரைத்தார். ஆயினும் ஒரு வேறுபாடு காண்க. கதையின்படி ஔவை தம் முதுமையைத் தாமே வேண்டிப் பெற்றார். கண்ணாம்பாவுக்கோ முதுமையைப் பிறர் விதித்தனர்.

இறுதிக் காலம்

விதிக்கப்பட்ட இடத்திலும் அவர் சோர்ந்து நடித்தாரில்லை. 1960 இல் ஏ. பீம்சிங் இயக்கிய 'படிக்காத மேதை' அதற்குச் சான்று. எஸ்.வி. ரங்காராவ் செல்வக் குடும்பத்தின் தலைவர். கண்ணாம்பா அவர் மனைவி. வீட்டில் வளரும் படிப்பறியா இளைஞன் ரங்கனாகச் சிவாஜி நடித்தார். செல்வம் குன்றியபோது பெற்ற பிள்ளைகளின் போக்கு மாற, வளர்த்தவன் மட்டும் மாறாதிருக்கிறான். அங்கே கண்ணாம்பா காட்டிய தாய் உரத்துப் பேசுபவள் அல்லள். பெற்ற பாசத்திற்கும் வளர்த்த பாசத்திற்கும் இடையே, கணவரின் சினத்திற்கும் பிள்ளைகளின் தன்னலத்திற்கும் இடையே, சொல்ல முடியாதவற்றைச் சுமந்து நிற்பவள். அரசவையை நடுங்கச் செய்த குரல், ஒரு வீட்டுக் கூடத்தின் மௌனத்தையும் தாங்கும் ஆற்றலுடையது என்பதை அப்படம் மெய்ப்பித்தது.

1964 மே 7 ஆம் நாள் கண்ணாம்பா மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 52. எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் திரையில் முதியவளாக வாழ்ந்த அவர், உண்மையான முதுமையைக் காணாமலே சென்றார். நாம் படங்களில் கண்ட நரையெல்லாம் பூசிய நரை. காலம் அவருக்கு அளிக்க எண்ணிய நரையைப் பெறும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

முடிவுரை

கண்ணாம்பாவின் வரலாறு மாணவர்க்கு இரண்டு செய்திகளைத் தருகிறது. தாய்மொழி அல்லாத தமிழைத் தெலுங்கெழுத்தில் எழுதிப் பயின்று, தமிழரே வியக்கப் பேசிய உழைப்பு முதலாவது. கிடைத்த வேடம் சிறிதாயினும் அதனைச் சிறுமைப்படுத்தாத கலை நேர்மை இரண்டாவது.

பார்வையாளராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. இனி ஒரு திரைப்படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ காணும்போது, அதில் வரும் முதிய பெண்ணைக் குறித்து மூன்று வினாக்களை எழுப்பிப் பார்ப்போம். அவளுக்கென ஒரு பெயர் உண்டா? மகனையும் மருமகளையும் பற்றியன்றி வேறு எதனையேனும் அவள் பேசுகிறாளா? கதையில் அவள் தானே முடிவு செய்த செயல் ஒன்றேனும் உண்டா? மூன்றுக்கும் விடை இல்லையெனில், அங்கே காட்டப்படுவது முதிய பெண்ணின் வாழ்வன்று. மற்றவர் வாழ்வுக்குத் தேவைப்பட்ட நரை மட்டுமே.

நம் இல்லங்களில் பாட்டிமார் இருக்கின்றனர். நிலத்தின் எல்லையையும் ஊரின் வரலாற்றையும் உறவுகளின் கணக்கையும் அறிந்தவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் கண்ணகியைப் போலச் சினந்தவர்கள், நாகம்மாவைப் போலக் குடும்பத்தை ஆண்டவர்கள். அவர்களை நாமும் திரையைப் போலவே தாயாக மட்டும் கண்டுவிடுகிறோமா என்று உள்ளத்தைக் கேட்டுக்கொள்வோம். நரைக்குப் பின்னே இருக்கும் கண்ணகியைக் காணக் கற்றுக்கொள்வதே கண்ணாம்பாவுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.